வாய்கட்டிக் கேட்கும் வேலை

(தொண்டைமானாற்றில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய அவையில், ஓய்வுபெற்ற உளவளத்துணை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

இங்கே வரும் வழியில் செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வந்தேன். நீங்கள் எல்லாரும் நாளாந்தம் பார்க்கிற காட்சிதான். பூசகர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார். மந்திரச் சத்தம் இல்லை. மணி ஒலிக்கிறது, தீபம் அசைகிறது, சனம் கைகூப்பி நிற்கிறது. சின்ன வயதில் என் அம்மம்மாவிடம், "ஏன் அம்மம்மா இவர் வாயைக் கட்டியிருக்கிறார்?" என்று கேட்டேன். அவ சொன்னா: "அவரும் கதைச்சுக்கொண்டு நிண்டால், வந்த சனம் முருகனோடை எப்பிடியடி கதைக்கிறது?"

கோயில் மரபை ஆராய்ந்தவர்கள் இதற்கு வேறு விளக்கம் சொல்வார்கள். இது ஒரு கிழவி சொன்ன விளக்கம். ஆனால் பாடசாலையில் நான் பார்த்த உளவளத்துணை வேலைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த வேலை எப்படித் தொடங்கியது, எப்படி மாறியது, இனி எங்கே போகவேண்டும் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

நான் மாணவியாக இருந்த காலத்தில் 'ஆலோசனை' என்றால் புத்திமதி. குழப்படி செய்த பிள்ளையை அதிபரின் அறை வாசலில் நிறுத்துவார்கள். பிரம்பு முதலில் பேசும், அதன்பிறகு வாய் பேசும். "கொப்பர் கடலிலை நிண்டு கஷ்டப்படுறார், நீ இஞ்சை என்ன செய்யிறாய்?" என்ற கேள்விக்குப் பதில் எதிர்பார்க்கப்படுவதில்லை. தலையைக் குனிந்து நின்றால் ஆலோசனை நிறைவேறியதாகக் கணக்கு. பிற்காலத்தில் சுவரில் 'வழிகாட்டலும் ஆலோசனையும்' என்று பெயர்ப்பலகை வந்தது. பல பாடசாலைகளில் அந்த அறைக்குள் உடைந்த கதிரையும், விளையாட்டுப் போட்டிக் கொடிகளும், பழைய வினாத்தாள் கட்டுகளுமே இருந்தன. பிள்ளையை அனுப்புகிறவர் ஒழுக்காற்று ஆசிரியர், கேட்கிறவரும் அவரே. பெயர் மாறியது, பிரம்பு மட்டும் இடம் மாறவில்லை.

இந்தப் பணி உலகில் தொடங்கிய கதையைக் கொஞ்சம் பார்ப்போம். 1908ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் ஒரு தொழில் வழிகாட்டல் நிலையத்தைத் தொடக்கினார். வேலை தேடி நகரத்தில் அலைந்த இளைஞர்களுக்காக அது திறக்கப்பட்டது. உன்னை அறிந்துகொள், வேலைகளை அறிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார் என்பது அவருடைய வழி. அதே ஆண்டிலேயே அவர் இறந்துபோனார். அவருடைய நூல் 1909இல் வெளிவந்தது. ஆக, பாடசாலை ஆலோசகர் என்று இன்று நாம் சொல்கிறவரின் மூதாதை மனநோய் பார்த்த வைத்தியர் அல்லர், வேலைக்கு ஆள் பொருத்தியவர். 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணுக்கு ஏற்றியது. அமெரிக்கா பயந்துபோய், அடுத்த ஆண்டே ஒரு கல்விச் சட்டம் கொண்டுவந்து, விஞ்ஞானத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க ஆலோசகர்களைப் பயிற்றுவித்தது. அங்கேயும் பிள்ளையின் மனத்தைவிட நாட்டின் தேவைதான் முன்னுக்கு நின்றது. இடையில் 1942இல் கார்ல் றொஜர்ஸ் என்ற உளவியலாளர் எழுதிய நூல்தான், ஆலோசகர் பேச்சைக் குறைத்துக் கேட்பதைக் கூட்டவேண்டும் என்ற எண்ணத்தை வலுவாக முன்வைத்தது. அம்மம்மா றொஜர்ஸைப் படித்தவ அல்ல.

நம் ஊரில் வழிகாட்டல் என்பது நெடுங்காலம் ஒரே ஒரு கேள்வியாகவே இருந்தது: சாதாரண தரப் பெறுபேறு வந்தபின் பிள்ளை கணிதமா, உயிரியலா? ஒன்பது ஏ எடுத்த பிள்ளை கலைப்பிரிவுக்குப் போக ஆசைப்பட்டால் வீட்டில் செத்தவீடு மாதிரி இருக்கும். அந்தப் பிள்ளையை 'வழிகாட்டச்' சொல்லி எங்களிடம் கூட்டிவருவார்கள். வழிகாட்டுவது என்றால், தாய் தகப்பன் ஏற்கெனவே போட்டுவைத்த வழியில் பிள்ளையைத் தள்ளிவிடுவது.

பிறகு யுத்தம் வந்தது. இந்தப் பகுதியில் பிறந்தவர்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை. 1987 மே 26இல் வடமராட்சியில் தொடங்கிய இராணுவ நடவடிக்கையை இங்கே இருக்கிற பெரியவர்கள் தங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். 1990இல் பலாலிப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தெருவில் நடந்தது. வகுப்பில் இருக்கிற பிள்ளையின் மனத்துக்குள் இருந்த சத்தத்துக்குப் பிரம்பாலும் புத்திமதியாலும் ஒன்றும் செய்யமுடியவில்லை.

அப்போதுதான் யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய வேலை சத்தமில்லாமல் தொடங்கியது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், யுத்தம் மனத்தில் விட்டுப்போகிற காயத்தைப் பற்றித் தமிழிலேயே எழுதினார். 'மனவடு' என்ற சொல்லும் அதே பெயரிலான அவருடைய நூலும் நமக்குப் பழக்கமாகின. 1987இல் தொடங்கப்பட்ட சாந்திகம் நிறுவனம் உளவளத்துணையாளர்களைப் பயிற்றியது. சிலர் உளவளத்துணையைச் 'சீர்மியம்' என்றார்கள். குழந்தை ம. சண்முகலிங்கம் தம் 'அன்னை இட்ட தீ' நாடகத்தில் அந்தக் காயத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். ஜேர்மன் உதவித் திட்டங்களின் ஊடாக வடகிழக்கு ஆசிரியர்கள் பலர் உளவளத்துணையில் பயிற்சி பெற்றார்கள். உளமருத்துவர்களை விரல்விட்டு எண்ணலாம், பிள்ளைகளோ இலட்சக்கணக்கில். ஆகவே ஆசிரியரே துணையாளர் ஆகவேண்டியிருந்தது. பாடசாலை உளவளத்துணை ஆசிரியரின் முதல் பெரிய மாற்றம் இது. வழிகாட்டி என்று வந்தவர் காயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர் ஆனார்.

அந்த ஆசிரியர்கள் என்ன கண்டார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. யுத்தநிறுத்தம் வந்த 2002இல், ஜேர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, பயிற்றப்பட்ட நம் தமிழ் ஆசிரியர்களே 420 பாடசாலைப் பிள்ளைகளைச் சந்தித்தார்கள். 92 வீதமான பிள்ளைகள் குண்டுவீச்சையோ, ஷெல்லடியையோ, உறவினரின் சாவையோ நேரில் அனுபவித்திருந்தார்கள். நாலில் ஒரு பிள்ளைக்கு மருத்துவர்கள் மனவடு நோய் என்று பெயர் சொல்லும் அளவுக்குப் பாதிப்பு இருந்தது.

2004 டிசம்பர் 26இல் சுனாமி. மணற்காட்டையும் வடமராட்சி கிழக்கையும் கடல் வாரிக்கொண்டு போன பிறகு, அந்த ஆசிரியர் துணையாளர்கள் முகாம்களுக்குப் போனார்கள். ஒரு முகாமில் 31 பிள்ளைகளுக்கு இரண்டு விதமாகச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு விதத்தில் பிள்ளை ஒரு கயிற்றை நிலத்தில் விரிக்கும். கயிறுதான் அதனுடைய வாழ்க்கை. நல்ல சம்பவத்துக்கு ஒரு பூவும், கெட்ட சம்பவத்துக்கு ஒரு கல்லும் வைக்கும். பிறகு பிறந்த நாளிலிருந்து கதையை வரிசையாகச் சொல்லும். மற்ற விதம் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு ஆறு அமர்வுகள். ஆறு மாதத்தின் பின் பார்த்தபோது இரண்டு பக்கத்திலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறியிருந்தார்கள். இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை. நமது துணையாளர்களே, தமிழில், தறப்பாள் கூடாரத்துக்குள் வைத்துச் செய்த வேலை அது.

இந்த இடத்தில் பெருமையோடு நிறுத்திவிட்டால் நான் உங்களுக்குப் பாதி உண்மை சொன்னவள் ஆவேன். 2012இல் இன்னொரு ஆய்வு வெளிவந்தது. வட இலங்கைப் பாடசாலைகளில் 399 பிள்ளைகளை எடுத்து, பாதிப்பேருக்கு வகுப்பறையிலேயே பதினைந்து அமர்வுகள் நடத்தினார்கள். மற்றப் பாதிப்பேர் காத்திருந்தார்கள். பங்கெடுத்த பிள்ளைகளிடம் குழப்படி நடத்தை குறைந்தது. ஆண்பிள்ளைகளின் கவலையும் மனவடு அறிகுறிகளும் குறைந்தன. பெண்பிள்ளைகளிடம் நடந்தது வேறு. காத்திருந்த பெண்பிள்ளைகள் தாமாகத் தேறிய அளவுக்குக்கூட, அமர்வில் இருந்த பெண்பிள்ளைகள் தேறவில்லை.

அந்த முடிவைப் படித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. நல்ல மனதோடு, நல்ல பயிற்சியோடு செய்த வேலையும் சிலவேளை ஒரு பிள்ளையின் ஆறுதலைப் பின்னுக்கு இழுத்துவிடலாம் என்றால், நாங்கள் எவ்வளவு கவனமாக இருக்கவேண்டும்! எல்லாப் பிள்ளையையும் ஒரே வரிசையில் இருத்தி, ஒரே மருந்தைக் கரைத்துக் கொடுக்கமுடியாது. எந்தப் பிள்ளைக்கு எது தேவை என்பதை அந்தப் பிள்ளையிடமிருந்துதான் அறியவேண்டும். அதற்கு முதலில் நாங்கள் வாயை மூடவேண்டும்.

இனி என் சொந்தப் பிழை ஒன்றைச் சொல்கிறேன். எந்தப் பாடசாலை, எந்த ஆண்டு என்று கேட்காதீர்கள். பிள்ளையை அடையாளம் காணமுடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை. அமைதியானது, நல்லாகப் படிக்கும். கணக்குப் பாட நேரங்களில் மட்டும் தலையிடி என்று வெளியே வரும். ஒருநாள் என்னிடம் வந்து முக்கால் மணி நேரம் இருந்தது. முப்பது நிமிடம் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பிறகு, இரவில் வீட்டில் நடப்பதைச் சொன்னது. தகப்பன் குடித்துவிட்டு வந்து தாயை அடிப்பது, தாய் பின்வேலியால் அடுத்த வீட்டுக்கு ஓடுவது, அந்த வீட்டுக்காரர் படலையைச் சாத்திக்கொள்வது. "ரீச்சர், நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லமாட்டியள்தானே?" என்று கேட்டது. "சொல்லமாட்டன் பிள்ளை" என்றேன்.

அடுத்த நாள் இடைவேளையில் ஆசிரியர் அறையில் தேநீரோடு இருந்தேன். கணித ஆசிரியர் அந்தப் பிள்ளையைப் பற்றிக் குறைப்பட்டார். "பாவம் சேர், அந்தப் பிள்ளையை ஒண்டும் சொல்லாதையுங்கோ. வீட்டிலை தகப்பன்..." என்று தொடங்கி, இரக்கத்தோடுதான் முழுவதையும் சொல்லிமுடித்தேன். அவரும் இரக்கத்தோடு வகுப்பாசிரியருக்குச் சொன்னார். நாலாம் நாள் வகுப்பில் அந்தப் பிள்ளையை எல்லார் முன்னிலையிலும் யாரோ 'பாவம்' என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை என் அறைப்பக்கம் வரவில்லை. நடைபாதையில் எதிரே கண்டால் மற்றப்பக்கம் திரும்பிப் போகும். சாதாரண தரம் எழுதிவிட்டுப் பாடசாலையைவிட்டுப் போனது.

நான் வைத்திருந்த சான்றிதழ்கள், பயிற்சிகள் எல்லாம் அந்தத் தேநீர்க் கோப்பைக்குள் கரைந்துபோயின. பிள்ளையிடம் கேட்டபோது வாயைக் கட்டியிருந்தேன், வெளியே வந்தபிறகு அவிழ்த்துவிட்டேன். இரகசியம் காப்பது எங்கள் வேலையின் அரைவாசி என்பதை அந்தப் பிள்ளைதான் எனக்குக் கற்பித்தது.

மற்ற அரைவாசி, எப்போது சொல்லவேண்டும் என்று தெரிந்திருப்பது. பிள்ளை தன்னைத்தானே மாய்த்துக்கொள்ள நினைக்கிறது, யாரோ அதைத் துஷ்பிரயோகம் செய்கிறார், அல்லது அது இன்னொருவருக்குத் தீங்கு செய்யப்போகிறது என்று தெரிந்தால், துணையாளர் மௌனமாக இருக்கமுடியாது. ஆகவே பிள்ளை கதிரையில் இருந்தவுடனேயே, "நீ சொல்லுறதை நான் வெளியிலை சொல்லமாட்டன். உன்ரை உயிருக்கு ஆபத்து எண்டால் மட்டும், உனக்குச் சொல்லிப்போட்டு, உதவி செய்யக்கூடிய ஒராளுக்குச் சொல்லுவன்" என்று முதலே சொல்லிவிடவேண்டும். அன்று நான் கொடுத்த "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்ற வாக்கே பிழை. காக்கமுடியாத வாக்கைக் கொடுத்தேன், காக்கவேண்டியிருந்ததையும் காக்கவில்லை.

இரகசியம் காப்பதிலிருந்து இனிக் கேட்பதற்கு வருவோம். திருக்குறளில் கல்வி, கல்லாமை என்ற இரண்டு அதிகாரங்களுக்கு அடுத்ததாக 'கேள்வி' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அங்கே கேள்வி என்றால் செவியால் கேட்பது. இன்று நாங்கள் கேள்வி என்றால் வினாவை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். பிள்ளை படலையைத் திறந்தவுடன் "சோதினை எப்பிடி?", "எத்தனை மாக்ஸ்?", "அவளுக்கு எத்தனை?" என்று கேள்விமேல் கேள்வி. பழைய கேள்வி தேய்ந்து புதிய கேள்வி வளர்ந்த இடம் எங்கள் வீட்டு முற்றம்.

யுத்தம் முடிந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்றைக்கு உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் 2009 மேயின் போது கைக்குழந்தைகள், அல்லது பிறந்திருக்கவே இல்லை. பிறகென்ன பிரச்சினை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிரச்சினையின் முகம் மாறியிருக்கிறது.

வடமாகாணம் முழுவதும் உயர்தரப் பிள்ளைகளுக்குத் தொண்டைமானாறு என்ற பெயர் தெரிவதற்குச் சந்நிதியோடு இன்னொரு காரணமும் உண்டு. நம் வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்கள். இந்த ஊரை வரைபடத்தில் காட்டத் தெரியாத தூரத்துப் பிள்ளைகூட 'தொண்டைமானாறுச் சோதினை' என்று சொல்லும். விஞ்ஞானக் கல்விக்கு அந்த நிலையம் செய்த தொண்டு பெரிது. நான் சொல்லவருவது அதன் குறையை அல்ல. அந்த வினாத்தாளில் வந்த புள்ளியைப் பிள்ளையின் தலையில் ஒட்டிவிடுகிற எங்கள் பழக்கத்தைத்தான் சொல்கிறேன். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி முறை 2001இல் வந்தது. உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம். அப்படியென்றால் நன்றாகப் படித்துத் தகுதி பெற்றும் வெளியே நிற்கிற மூன்றுபேர் தோற்றவர்களா? அந்தக் கணக்கில் பிழை பிள்ளையிடம் இல்லை, கதிரைகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. பிராங்க் பார்சன்ஸ் தொடக்கிய பழைய வேலை இங்கே திரும்பவும் தேவைப்படுகிறது. தொழில்நுட்பக் கல்லூரி, தாதியர் பயிற்சி, கல்வியியற் கல்லூரி, கடற்றொழில் சார்ந்த படிப்பு என்று எத்தனை வாசல்கள் திறந்திருக்கின்றன என்பதைப் பெறுபேறு வந்து அழுகிற நாளில் அல்ல, இரண்டு வருடம் முன்னரே காட்டவேண்டும்.

அடுத்தது, வெளிநாடு. ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கிற தகப்பன் கைப்பேசித் திரையில் வருகிறார், காசு வருகிறது, தகப்பன் வருவதில்லை. அம்மம்மாவோடு வளர்கிற பிள்ளையிடம் விலைகூடிய தொலைபேசி இருக்கிறது, இரவு இரண்டு மணிவரை அதில் என்ன பார்க்கிறது என்று கேட்க ஆளில்லை. கொரோனாவில் 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது நாங்களே அந்தத் தொலைபேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்தோம், படிப்பதற்காக. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளம் கரையில் கிடந்தபோது, காலைச் சாப்பாடு இல்லாமல் வந்த பிள்ளை 'சோம்பேறி' என்று பேச்சு வாங்கியது. சந்தியில் மாவா என்ற போதைப்பாக்கும், அதைவிடக் கொடிய ஐஸ், ஹெரோயின் போதைப்பொருள்களும் பிள்ளைகளைத் தேடி வருகின்றன.

பிரம்பு இவற்றில் எதற்கும் மருந்தாகாது. 2016இல் கல்வி அமைச்சு சுற்றறிக்கை மூலம் உடல் தண்டனையைத் தடைசெய்தது. ஆசிரியர் அடித்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், அது அரசியலமைப்பு உறுதிசெய்த அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "பிரம்பையும் பறிச்சுப்போட்டால் நாங்கள் என்னத்தாலை ஆளுறது?" என்று என்னிடம் கேட்ட ஆசிரியர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு. பிரம்பை எடுத்தவர்கள் அதற்குப் பதிலாக எதையும் கையில் கொடுக்கவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்புவதற்குத்தான் உளவளத்துணை ஆசிரியர். ஆனால் அவருக்கும் வாரம் முழுக்கப் பாடவேளை, தவணைப் பரீட்சை, விளையாட்டுப்போட்டி, புள்ளிப்பதிவு. அமெரிக்கப் பாடசாலை ஆலோசகர் சங்கம் 250 பிள்ளைகளுக்கு ஒரு முழுநேர ஆலோசகர் வேண்டும் என்கிறது. அந்த இலக்கைப் பல இடங்களில் அவர்களே எட்டவில்லை. தமிழ்நாட்டில் மாணவர்களுக்கென 14417 என்ற தொலைபேசி உதவி எண்ணை 2018இல் தொடக்கினார்கள். தொலைபேசி நல்லது, ஆனால் அழுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருக்கத் தொலைபேசியால் முடியாது.

அதிபர்களிடம் கேட்பது இவைதான். உளவளத்துணை ஆசிரியரை ஒழுக்காற்றுக் குழுவில் போடாதீர்கள். காலையில் தண்டித்தவரிடம் மத்தியானம் மனம்விட்டுப் பேச எந்தப் பிள்ளை வரும்? அவருடைய பாடவேளைகளைக் குறையுங்கள். அறையைக் களஞ்சியமாக்காதீர்கள். அந்த அறை அதிபர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்தால், உள்ளே போகிற பிள்ளையை முழுப் பாடசாலையும் பார்க்கும். நூலகத்துக்குப் பக்கத்தில் இருந்தால், புத்தகம் எடுக்கப் போனதாகவே நினைப்பார்கள்.

ஆசிரியர்களே, நாங்கள் வைத்தியர் அல்லர். எங்கள் கை எட்டாத இடம் உண்டு. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார். மந்திகையிலும் தெல்லிப்பழையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. பிள்ளையை அங்கே அனுப்பச் சொன்னால், "எங்கடை பிள்ளைக்கு விசரோ? அங்கொடை விசராஸ்பத்திரிக்கு அனுப்பப் போறியளோ?" என்று பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதுபோலத்தான் இதுவும் என்று பொறுமையாகச் சொல்லவேண்டும். ஒரு முறை சொன்னால் கேட்கமாட்டார்கள், அதற்காகக் கோபிக்கவும் கூடாது. இன்னொன்று. பிள்ளை சாவைப் பற்றி யோசிக்கிறது என்று சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாங்களே விதைத்ததாகிவிடும் என்ற பயம் வேண்டாம். ஒருவர் கேட்டாரே என்ற ஆறுதலே பல பிள்ளைகளுக்கு முதல் மூச்சு. சிறுவர் பாதுகாப்புக்கு 1929, மனநல உதவிக்கு 1926. இந்த இரண்டு இலக்கங்களையும் கொப்பியின் பின்மட்டையில் எழுதிவையுங்கள்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை உங்களிடம் சொல்லாததை என்னிடம் சொன்னது என்று கோபிக்காதீர்கள். இங்கே நம் ஆற்றின் வாயில் தடுப்பணை இருக்கிறது. கோடையில் கதவு மூடியிருந்தால்தான் கடல்நீர் உள்ளே வராது, வயலும் கிணறும் உவராகாது. மாரியில் வெள்ளம் வந்தால் அதே கதவைத் திறந்தாகவேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஊருக்குள் ஏறும். எப்போதும் மூடியே வைத்திருக்கிற கதவு காவல் ஆகாது. பிள்ளை எங்கேயாவது ஓர் இடத்தில் திறக்கிறது என்றால், அந்த இடம் வீட்டுக்கு எதிரி அல்ல.

ஓய்வுபெறும் நாளில் எனக்குப் பின் வந்த ஆசிரியையிடம் அறையை ஒப்படைத்தேன். திறப்பு, பதிவேடு, பூட்டிய பெட்டி, இரண்டு கதிரை, ஒரு பெட்டி சோக்கு. அந்த இளம் ஆசிரியை சிரித்துக்கொண்டு, "மிஸ், இந்த அறையிலை கரும்பலகையே இல்லையே, ஏன் சோக்கு?" என்று கேட்டா.

நான் சொன்னேன்: பிள்ளைகள் கவலை என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். "ரீச்சர், வகுப்புக்குச் சோக்கு வேணுமாம்" என்றுதான் வருவார்கள். ஒரு பையன் ஒரே வாரத்தில் ஐந்து நாளும் சோக்குக் கேட்டு வந்தான். வகுப்பில் யாரும் அவ்வளவு சோக்குக் கேட்டிருக்கமாட்டார்கள். நான் ஏன் என்று கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு கட்டி எடுத்துக் கொடுத்தேன், கதிரையை மட்டும் கொஞ்சம் இழுத்துப் போட்டேன். ஆறாம் நாள் சோக்குக் கேட்காமல் அந்தக் கதிரையில் இருந்தான்.

இப்போது வகுப்புகளுக்கு வெண்பலகை வந்துவிட்டது, திரையும் வந்துவிட்டது. சோக்குக் கேட்டு வர இனிப் பிள்ளைகளுக்குச் சாட்டு இருக்காது. அந்த ஆசிரியை இன்று அந்த அறையில் பெண்பிள்ளைகளுக்கான துவாய்கள் கொஞ்சமும், தலையிடித் தைலமும், ஒட்டுப் பிளாஸ்ரரும் வைத்திருக்கிறா. போனமாதம் போய்ப் பார்த்தேன். தைலப் போத்தல் பாதி முடிந்திருந்தது.